வீடே வைத்தியசாலை, வீடே சிறைச்சாலையா?

போதைப்பொருளை அடியோடு ஒழித்துவிடுவோம் என்று இந்நாட்டை ஆள வந்தோர் சூளுரைப்பது புதிதன்று. 2023 டிசம்பர் 17ஆம் நாள் 'யுக்திய' என்னும் பெயரிலே பொலிசார் ஒரு வேட்டையை ஆரம்பித்தனர். யுக்திய என்றாற் சிங்கள மொழியில் நீதி என்று பொருளாம். முதல் ஒரு மாதத்துள்ளே 20,000க்கு மேற்பட்டோர் பிடிக்கப்பட்டனர். வீடு புகுந்து சோதனையிடும் காட்சிகள் தொலைக்காட்சியிலே நாடகம்போற் காட்டப்பட்டன. ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியிலே வாய் திறந்து கண்டிக்க வேண்டிய நிலை வந்தது. பின்னர் ஆட்சி மாறிற்று. 2025 ஒக்டோபரிலே புதிய சனாதிபதியும் நாடு தழுவிய இயக்கமொன்றைத் தொடக்கி வைத்தார். இவ்வியக்கங்களின் வெற்றி தோல்வியை ஆராய்வது இன்று நம் நோக்கமன்று. கைதானோர் தொகை இத்தனை, கைப்பற்றிய தூள் இத்தனை கிலோ என்ற கணக்குகள் நாள்தோறும் அச்சேறுகின்றன. அச்சேறாத கணக்கொன்று உண்டு. அதைப் பற்றியே நாம் எழுதுகின்றோம்.

கைதானவனுக்கு ஒரு தாய் உண்டு. கைதாகாமல் இன்னும் வீட்டுத் திண்ணையிலே கிடப்பவனுக்கும் ஒரு தாய் உண்டு. அவள் எப்படி உண்கின்றாள், எப்போது உறங்குகின்றாள், எவரிடம் கடன் பட்டிருக்கின்றாள் என்ற கணக்கை எந்த அமைச்சராவது கேட்டதுண்டா? அமைச்சரை விடுவோம். நம் கோயில் வீதியிலே கூடி நின்று நாட்டு நடப்புப் பேசும் பெரியவர்களாவது கேட்டதுண்டா?

வலிகாமத்திலே ஒரு தோட்டக்காரனின் வீட்டை எடுத்துக்கொள்வோம். ஊர்ப் பெயர் வேண்டா. எந்த ஊரைச் சொன்னாலும் பொருந்தும். நாலு பரப்புத் தோட்டம், ஒரு கிணறு, மூன்று பிள்ளைகள். நடுவிலான் ஐஸ் என்றும் தூள் என்றும் பழகிவிட்டான். முதலிலே காணாமற் போவது தகப்பனின் கைக்கடிகாரம். அடுத்தது காஸ் சிலிண்டர். பின்னர் ஒருநாள் விடியற்புறம் தண்ணீர் இறைக்கச் சென்ற தகப்பன், கிணற்றடியிலே இறைப்பு மோட்டாரைக் காணாது திகைத்து நிற்கின்றார். வெங்காயம் நட்டு இருபது நாள், தண்ணீரின்றிக் காய்கின்றது. பொலிசுக்குப் போவதா? போனால் அகப்படுபவன் மகன். போகாவிட்டால் பயிர் போயிற்று. அயலவனிடம் மோட்டார் இரவல் கேட்கலாம். கேட்டால், "உன்ரை மோட்டாருக்கு என்ன நடந்தது?" என்பான். அதற்குச் சொல்ல ஒரு மறுமொழி வேண்டும். தகப்பன் பேசாமல் வீடு திரும்புகின்றார். அந்தப் போகம் அத்தோடு சரி.

தாயோ அலுமாரித் திறப்பைச் சேலைத் தலைப்பிலே முடிந்துகொண்டு படுக்கின்றாள். படுக்கின்றாளேயன்றி உறங்குகின்றாளில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். காரணம் கேட்டவர்களுக்கு அங்கே ரியூசன் கிட்ட என்று சொன்னாள். தாலிக்கொடி அடைவிலே. கனடாவிலுள்ள மூத்தவன் மாதா மாதம் அனுப்பும் காசு வந்த அன்றே பாதி போய்விடுகின்றது. தொலைபேசியிலே அவன் ஏசுகின்றான்: "அம்மா, அவனுக்கு ஒரு சதமும் குடுக்காதையுங்கோ!" ஏசுவது எளிது. பன்னிரண்டு மணித்தியாலமாகத் தூள் கிடையாமல், மூக்கும் கண்ணும் ஒழுக, உடம்பெல்லாம் முறுகி வலிக்க, வாந்தியும் வயிற்றோட்டமுமாய்த் தரையிலே புரளுகின்ற பிள்ளையின் முன்னே நிற்பவள் அவளேயன்றி அவனல்லன்.

அவள் காசு கொடுப்பது பாசத்தின் பலவீனம் என்று உபதேசம் செய்வோர் பலர். நாம் அப்படிக் கருதவில்லை. அவள் கணக்குப் போட்டுத்தான் கொடுக்கின்றாள். கொடாவிட்டால் அயல் வீட்டிலே களவெடுப்பான். அகப்பட்டால் ஊர் கூடி அடிக்கும். அன்றேல் விற்பவனிடம் கடனுக்கு வாங்குவான். கடன் ஏறினால் அவனுக்காகப் பொதி சுமப்பான். பொதி சுமந்தவனைச் சட்டம் என்ன செய்யும் என்பதை அவள் கேள்விப்பட்டிருக்கின்றாள். 1984ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி 2 கிராம் ஹெரோயினோ அதற்கு மேலோ வைத்திருந்து குற்றவாளியாகக் காணப்பட்டவனுக்கு மரண தண்டனை அல்லது ஆயுட் சிறை. 2022இலே ஐஸ் என்னும் மெதம்பெற்றமீனையும் அவ்வரிசையிற் சேர்த்து, அதற்கு 5 கிராம் என்று அளவு வைத்தனர். இந்நாட்டிலே 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது உண்மையே. தூக்குக் கயிறு எவரையும் தொங்கவிடாமலே தாய்மாரை ஆட்டிப் படைக்கின்றது. துபாயிலிருந்து தொலைபேசியிலே வாணிகம் நடத்தும் முதலாளிமாரை அக்கயிறு என்ன செய்தது?

பிடிபட்டுவிட்டால் அடுத்த சுமை தொடங்குகின்றது. 1929ஆம் ஆண்டிலே வெள்ளைக்காரன் இயற்றி வைத்த நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டமே திருத்தங்களோடு இன்றும் நம்மை ஆள்கின்றது. இதன் கீழுள்ள பாரிய குற்றச்சாட்டுகளிலே பிணை கொடுக்கும் அதிகாரம் நீதவானுக்குக் கிடையாது. மேல் நீதிமன்றத்துக்கோ அதற்கும் மேலேயோ போகவேண்டும். அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வருமட்டும் வழக்குத் தவணை தவணையாய்த் தள்ளிப் போகும். ஒவ்வொரு தவணைக்கும் சட்டத்தரணிக்குக் கூலி. ஒவ்வொரு கிழமையும் மறியற்சாலைக்குச் சாப்பாட்டுப் பொதி. நாட்சம்பளக்காரனாயின் ஒவ்வொரு தவணையும் ஒரு நாட் சம்பளம். தண்டனை விதிக்கப்படு முன்னரே தண்டிக்கப்பட்டவர்கள் யார் என்பதை நீதிமன்ற வளவிலே வேப்பமர நிழலிற் குந்தியிருக்கும் கிழவிகளைப் பார்த்தாற் தெரியும்.

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு அடிமையானவனைச் சிகிச்சைக்கு உரியவனாகக் கொள்கின்றது. தானாக வருபவனுக்கும், நீதிமன்றக் கட்டளையாலே வருபவனுக்கும் அதில் இடமுண்டு. நல்ல சட்டம்! ஆனால் எங்கே போவது? தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984 முதல் இருக்கின்றது. அச்சபை நெடுங்காலமாக நடத்திவந்த சிகிச்சை நிலையங்கள் நான்கு: தலங்கம, நிட்டம்புவ, பேராதனை, உனவட்டுன. வடக்கிலே ஒன்று? கிழக்கிலே ஒன்று? பருத்தித்துறைத் தாயொருத்தி காலி கடற்கரைக்குப் போய் மகனைப் பார்த்து வரவேண்டுமென்பது எந்தப் பேதையின் திட்டம்?

மற்றது கந்தகாடு. வவுனியா, ஹபரணை, பொலனறுவை எல்லாம் கடந்து வெலிகந்தைக் காட்டிலே இருக்கும் இந்த முகாம், போர் முடிந்த பின் முன்னாட் போராளிகளை வைத்திருந்த இடங்களுள் ஒன்று. நிருவாகம் புனர்வாழ்வு ஆணையாளர் நாயகம் என்னும் படை அதிகாரியின் பொறுப்பிலே இருந்தது. போராளிக்கும் நோயாளிக்கும் ஒரே மருந்து! 2022 ஜூனிலே அங்கே அடைக்கப்பட்டிருந்த ஒருவர் உயிரிழந்தார். மற்றவர்கள் கொதித்தெழுந்தனர், நூற்றுக்கணக்கானோர் வேலி தாண்டி ஓடினர். மரணம் தொடர்பாக இராணுவத்தையும் விமானப் படையையும் சேர்ந்த நால்வர் கைதாயினர். நோயாளிகள் கட்டிலை விட்டு ஓடுகின்ற வைத்தியசாலையைப் பற்றி நீங்கள் எங்கேனும் கேள்விப்பட்டதுண்டா?

அதற்குப் பின்னாவது பாடம் படித்தார்களா? அதே 2022இலே புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் ஒன்று கொண்டுவரப்பட்டது. போதைக்கு அடிமையானோர், முன்னாட் போராளிகள், தீவிரவாதக் குழுவினர், இன்னும் வேறெந்தத் தொகுதியினர் ஆயினும் என்று எல்லோரையும் ஒரே கயிற்றாற் கட்டியிருந்தனர். உயர் நீதிமன்றம் அஃது அரசியலமைப்புக்கு முரண் என்று கண்டது. பின்னர் சில சொற்களை வெட்டி, 2023 ஜனவரியிலே பாராளுமன்றத்திலே நிறைவேற்றினர். ஆதரித்து 23 பேர், எதிர்த்து 6 பேர். 225 பேர் கொண்ட சபையிலே மற்றவர்கள் எங்கே போனார்கள்? நம்மவர்கள் எத்தனை பேர் ஆசனத்தில் இருந்தனர் என்று வாக்காளர்கள் அவர்களையே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதை மொழிவெறி என்று கொள்வாரும் உளர், கொள்ளட்டும். கைமுறிவுக்கு மாவுக்கட்டுப் போடும் வைத்தியருக்கு நோயாளியின் மொழி தெரியாவிட்டாலும் எலும்பு கூடும். ஐஸ் நோய்க்கு அப்படியன்று. ஹெரோயினுக்காவது உலகிலே மெதடோன் முதலிய மாற்று மருந்துகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே அவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. ஐஸுக்கு அவ்வாறான மாற்று மருந்து இன்றுவரை இல்லை. பேச்சே மருந்து. கிழமைக்குக் கிழமை உட்கார வைத்து, எப்போது ஆசை எழுகின்றது, எவரைக் கண்டால் எழுகின்றது, எழுந்தால் என்ன செய்வது என்று பேசிப் பேசித்தான் மீட்க வேண்டும். அந்தப் பேச்சைத் தமிழ்ப் பிள்ளையோடு சிங்களத்தில் நடத்துவது எவ்வாறு? தாய்க்கு நோயை விளக்கிச் சொல்வது எந்த மொழியில்?

விளக்கிச் சொல்லாமையால் உயிரே போகின்றது. ஆறு மாதம் மறியலிலோ முகாமிலோ இருந்து வந்தவனின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. தாங்குமென்று நினைத்துப் பழைய அளவையே எடுத்தானாயின் மூச்சு நின்றுபோகும். வெளியே வந்த முதற் சில கிழமைகளே மிகவும் ஆபத்தானவை என்பது வைத்திய உலகம் நன்கறிந்த உண்மை. எத்தனை தாய்மாருக்கு இதைச் சொல்லி அனுப்புகின்றனர்? "பிள்ளை சுகமாகிவிட்டான், கூட்டிக்கொண்டு போ" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புகின்றனர். அவளும் கற்பூரம் கொளுத்தி வீட்டுக்குள் அழைக்கின்றாள்.

தெல்லிப்பழையிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள மனநல வைத்தியர்களை நாம் குறை கூறவில்லை. உள்ள சிலர் தம் சக்திக்கு மேல் உழைக்கின்றனர். கிளினிக் நாளிலே அவர்களின் கதவடியிலே நிற்கும் வரிசையைப் பார்த்தவர்கள் அவர்கள் மேற் பழி சொல்லத் துணியார்.

அரசைச் சாடியாயிற்று. இனி நம்மவர் பக்கம் திரும்புவோம். சிலருக்குக் கசக்கும்.

நம் சமுதாயம் இந்நோய்க்கு ஒரு சிகிச்சை கண்டுபிடித்து வைத்திருக்கின்றது. அதற்குப் பெயர் கலியாணம்! "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாய்ப் போயிடும்" என்று மாமன்மார் கூடித் தீர்மானிக்கின்றனர். தூரத்து ஊரிலே, விசாரிக்க ஆளில்லாத வீட்டிலே பெண் பார்க்கின்றனர். தகப்பனில்லாத பெண்ணாயின் இன்னும் விசேடம். சாதகம் பத்துப் பொருத்தமும் சொல்லுகின்றது. பதினோராவது பொருத்தத்தைப் பற்றித் தரகரும் வாய் திறவார், மாப்பிள்ளை வீட்டாரும் வாய் திறவார். சீதனக் காசு வந்து பழைய கடனை அடைக்கின்றது. மூன்றாம் மாதம் அந்தப் பெண்ணின் சங்கிலி காணாமற் போகின்றது. ஒரு குடும்பத்தால் தாங்க முடியாத சுமையைத் தூக்கி இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தியின் தலையிலே வைத்துவிட்டுக் கை கழுவுவதற்குப் பெயர் சிகிச்சையா? இது மோசடி. காணியிலே வில்லங்கத்தை மறைத்து அறுதி எழுதிக் கொடுத்தவனை நீதிமன்றத்துக்கு இழுக்கின்றோம். மாப்பிள்ளையிலே வில்லங்கத்தை மறைத்தவனுக்குப் பந்தியிலே முதல் வாழையிலை போடுகின்றோம்.

அவள் அழுதுகொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தாளாயின், "பொறுத்துப் போ பிள்ளை" என்கின்றோம். மாமியாரோ, "நீ ஒழுங்காய் நடந்திருந்தால் அவன் ஏன் இப்படிப் போறான்?" என்கின்றாள். நேற்றுவரை ஊரார் தன் மேற் போட்ட பழியை இன்று மருமகள் மேற் போடக் கிடைத்தது அவளுக்கு ஒரு ஆறுதல். அவளையும் நாம் முற்றாக வெறுக்க முடியவில்லை.

உத்தியோகம் பார்க்கும் நம் வாசகர்களை ஒன்று கேட்கின்றோம். படித்தவர் வீட்டிலே இந்நோய் இல்லையா? உண்டு. ஆனால் அங்கே அதற்கு வேறு பெயர். வைத்தியரின் மகனுக்கு "மனவழுத்தம்". தோட்டக்காரனின் மகன் "தூள்காரன்". முன்னவன் கொழும்பிலே தனியார் இடமொன்றில் மூன்று மாதம் இருந்துவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகின்றான். பின்னவன் விளக்கமறியலுக்குப் போகின்றான். மறைத்து வைக்க வசதியுள்ளவர்கள் மறைத்து வைப்பதனாலேயே, இது கீழ்த்தட்டிலே வளர்ப்புச் சரியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வரும் நோய் என்ற பொய் நிலைத்து நிற்கின்றது. பரம்பரை பரம்பரையாகப் புகையிலை நட்டு, பாடம் போட்டு, தெற்குக்கு ஏற்றிக் கல்வீடு கட்டிய யாழ்ப்பாணத்தார் நாம்; வளர்ப்பைப் பற்றி உரத்துப் பேசுவதற்கு நமக்கு வாய் கொஞ்சம் கூசவேண்டும்.

கோயில் தருமகர்த்தாக்களையும் ஊர்ச் சங்கத் தலைவர்களையும் கேட்கின்றோம். வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணத்திலே கோபுரம் உயர்கின்றது. நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. திருவிழாவிலே ஒரு நாள் மேளக் கச்சேரிச் செலவு, ஒரு தாயின் ஒரு வருடப் பேருந்துக் கூலிக்கும் மருந்துக்கும் காணும். போதை எதிர்ப்பு ஊர்வலம் ஒன்று நடத்திப் படம் பிடித்து முகநூலிற் போட்டுவிட்டாற் கடமை முடிந்ததா? அந்த ஊர்வலம் தன் வீட்டுப் படலையைக் கடக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவளை எத்தனை பேர் நினைத்தீர்கள்?

நாம் கேட்பன பெரிய காரியங்களல்ல. சிகிச்சை, மாகாணத்தின் கையிலே பெரும்பாலும் உள்ள சுகாதார நிருவாகத்தின் கீழ் வரவேண்டும். படையினரின் கையில் அன்று. வடக்கிலே ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு வைத்தியசாலையிலாவது இதற்கெனக் கட்டில்கள் ஒதுக்கப்பட்டு, தமிழிலே பேசிச் சிகிச்சை செய்யும் ஊழியர் நியமிக்கப்பட வேண்டும். மாலையிலும் ஒரு கிளினிக் வேண்டும். நாட்கூலிக்குப் போகும் தகப்பன் காலை எட்டு மணிக்கு வந்து துண்டெடுத்து நிற்க முடியாது. சிறுநீரக நோயாளிக்கு அசுவெசும திட்டத்திலே கொடுப்பனவு உண்டு, நல்லது. உழைக்க வேண்டியவன் நோயாளியாகி, உழைத்துக்கொண்டிருந்தவள் காவலாளியாகி அடுப்பணைந்த வீட்டுக்கும் சிகிச்சைக் காலம் முடியுமட்டும் ஏதாவது கொடுப்பதிலே என்ன தடை? மறியலிலிருந்தோ முகாமிலிருந்தோ ஒருவனை வெளியே விடுமுன், வீட்டாரை அழைத்து, வரக்கூடிய ஆபத்தை அவர்களின் மொழியிலே சொல்லும் கடமையைச் சட்டமாக்குவதற்கு எத்தனை கோடி ரூபா செலவாகும்?

சட்டத்தரணிகளிடம் வேறொன்று. ஒவ்வொரு நீதிமன்றத்திலும் மாதத்துக்கு ஒரு வழக்கையாவது, பாவித்தவன் மேல் உள்ள வழக்கை, கூலியின்றி எடுத்து, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிச் சிகிச்சைக்கு அனுப்பும்படி வாதாடுங்கள். கறுப்புக் கோட்டு அழுக்காகிவிடாது.

விவசாயிகள் சங்கங்களிடம் ஒன்று. அயலவனின் மோட்டார் காணாமற் போனாற் கேள்வி கேளாமல் உங்கள் மோட்டாரை இரவல் கொடுங்கள். பயிர் என்ன பிழை செய்தது?

நம் பாராளுமன்றப் பிரதிநிதிகள் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்திலே சுகாதார அமைச்சின் தலைப்பு வரும்போது எழுந்து நிற்கட்டும். பழைய பேச்சை ஒருமுறை நிறுத்திவைத்து, மூன்று கேள்வி மட்டும் கேட்கட்டும். வடக்கிலே எத்தனை கட்டில்? எந்த வைத்தியசாலையில்? எந்தத் திகதி முதல்? மறுமொழி கிடைக்கும்வரை இருக்கவேண்டா.